பக்கியும் ஒரு பிழையும்

சொல் ஒன்றுக்குத் தான் அறிந்த பொருளே பொருள் என்று எண்ணிக்கொள்வது ஆசிரியனுக்கு ஆகாத குணம். இதனை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன்.

தவணைப் பரீட்சையொன்றிலே, 'பக்கி' என்ற ஆங்கிலச் சொல் வரும் வாக்கியமொன்றைத் தமிழாக்கும்படி கேட்டிருந்தேன். கணினிச் செய்நிரலொன்றில் வழுக்கள் மலிந்துள்ளன என்பதே அதன் கருத்து. அவனோ, 'செய்நிரல் குதிரை வண்டியாக இருக்கிறது' என்று எழுதியிருந்தான். அதை வகுப்பிலே உரக்க வாசித்துச் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அவன் மட்டும் தலை கவிழ்ந்திருந்தான்.

மறுநாட் காலை என்னிடம் வந்தான். குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்கு வருபவன் அவன். நனையாதபடி பொலித்தீன் பையிலே சுற்றிய பழைய அகராதியொன்றை நீட்டி, "சேர், இதில வண்டி எண்டுதான் போட்டிருக்கு. அம்மப்பா வாங்கின புத்தகம்" என்றான். அந்த அகராதியிலே கணினி ஏது?

அன்றிரவு நானும் அச்சொல்லைத் தேடிப் புறப்பட்டேன். இங்கிலாந்திலே பக்கி என்பது ஒற்றைக் குதிரை பூட்டிய இரு சக்கர வண்டி. அமெரிக்காவிலே அதற்கு நான்கு சக்கரம். 2024 குடியரசு தினத்தன்று இந்தியக் குடியரசுத் தலைவர் பவனி வந்ததும் குதிரை பூட்டிய பக்கியிலேதான். 1971 இல் அப்பலோ 15 வீரர்கள் சந்திரனிலே ஓட்டிய ஊர்திக்கும் அப்பெயரையே வழங்கினர். வழு மலிந்தது என்னும் பக்கியோ, பூச்சியைக் குறிக்கும் 'பக்' என்பதிலிருந்து பிறந்த வேறு சொல். நம் தமிழ் அகராதியைப் புரட்டினால், பக்கி என்பது பறவை!

இத்தகைய சொற்களைத் தொல்காப்பியர் அன்றே வகுத்துக் காட்டினார். மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. உடன்வரும் வினையே பொருளைத் தெளிவிக்கும். இதை விளக்க வேண்டிய இடத்திலே நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த பாடவேளையிலே, எந்த வகுப்பின் முன் சிரித்தேனோ அந்த வகுப்பின் முன்னேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த விடைக்குப் புள்ளி கொடுக்க வழியில்லை. ஆனால், பக்கியின் கதையை அவனைக் கொண்டே கரும்பலகையில் எழுதுவித்தேன். நிமிர்ந்து நின்று எழுதினான்.

அவன் தவறவிட்டது ஒரு சொல்லின் பொருளை. நான் தவறவிட்டது ஒரு பிள்ளையின் மனத்தை. இரண்டிலும் எது பெரும்பிழை என்பதை வாசகர்களே அறிவார்கள்.