பழுதும் காரணமும்

விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கறவை முடியும். ஐந்தரை மணிக்குள் வீடுதோறும் பால் சென்று சேர வேண்டும். இடைப்பட்ட அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தால் பால்காரர் இழப்பது அன்றைய வரவை மட்டுமன்று. பல ஆண்டுகள் உழைத்துத் தேடிய வாடிக்கையும் கைநழுவத் தொடங்கும்.

சிற்றூர்ப் பால்காரர் ஒருவருக்கு அத்தகைய நெருக்கடி நேர்ந்தது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்னும் ஓசை மட்டும் எழுந்தது, என்ஜின் சுழலவில்லை. உதைத்துக் கிளப்பும் கிக்கரும் அவ்வண்டியில் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பும் இதே குறை தோன்றியபோது, பிறர் சொல்லைக் கேட்டுப் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தியிருந்தார். சில வாரங்கள் ஓடிய வண்டி மீண்டும் நின்றுவிட்டது. பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் பின்னாலிருந்து தள்ள, வண்டி ஊரின் மூத்த மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்தது.

"இன்னொரு பேட்டரி மாத்திடலாமாண்ணே?" என்றார் பால்காரர்.

"இரு தம்பி. வண்டி என்ன சொல்லுதுன்னு முதல்ல கேட்போம்" என்றார் மெக்கானிக்.

அவர் உடனே கருவிகளை எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி ஹாரனை ஒலித்தார். ஓசை உரத்து எழுந்தது. பிரேக்கை மிதித்து விளக்கை எரியவிட்டபடியே செல்ஃப் பொத்தானை அழுத்தினார். பேட்டரி வலுவிழந்திருந்தால் அந்நொடியே விளக்கு அணைவதுபோல் மங்கியிருக்கும். அதன் ஒளியோ சற்றே குறைந்தது. 'டக்' என்ற ஓசையும் அவருக்குச் செய்தி சொன்னது. அது ரிலே இயங்கும் ஓசை. அப்படியானால் பொத்தான் நன்றாகவே உள்ளது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சென்று மீளும் தடித்த வயர்களின் வழியிலோ மோட்டாரிலோதான் குறை இருக்க வேண்டும்.

பின்னரே மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.6 வோல்ட் இருந்தது. நிறைவாக மின்னேற்றம் பெற்ற பேட்டரியின் அளவு அது. பொத்தானை அழுத்தியபோதும் 11.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை என்ஜினின் உலோக உடலிலும் வைத்தார். இவ்விரண்டையும் இணைப்பது எர்த் வயர். முதலில் சுழியம் காட்டிய மல்டிமீட்டர், பொத்தானை அழுத்தியதும் 5 வோல்ட் காட்டியது.

"ஓம் விதி படிச்சிருப்பியேப்பா. இந்த 5 வோல்ட் இங்க எப்படி வந்துச்சு?" என்று மகனைக் கேட்டார்.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-ஆம் ஆண்டு வெளியிட்ட விதியை அம்மாணவன் தேர்வில் பலமுறை எழுதியிருந்தான். மின்னழுத்தம், மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கக் கிடைப்பது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிகப் பெரியது. 50 ஆம்பியர் பாயும் வழியில் 0.1 ஓம் தடை குறுக்கிட்டால், 5 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். மோட்டாரைச் சுழற்ற எஞ்சுவது போதாது. மின்னோட்டம் பாயாதபோது அத்தடை இருப்பதே தெரியாது. சுமை ஏறும்போதுதான் அது வெளிப்படும். மனப்பாடமாக இருந்த விதி, அன்று அவன் கண்முன் மல்டிமீட்டரில் தெரிந்தது.

எர்த் வயர் என்ஜினோடு சேரும் போல்ட்டில் துரு அடர்ந்திருந்தது. பேட்டரியின் எதிர்முனை வயரை முதலில் கழற்றிவிட்டு, மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கினார், போல்ட்டை இறுக்கினார், ஈரம் அணுகாதிருக்க மேலே கிரீஸ் தடவினார்.

அப்போது ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி ஒன்று முறுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அவர் முகம் மாறியது.

"ராத்திரி வழியில ஃபியூஸ் போச்சுண்ணே. வேற வழி தெரியல" என்றார் பால்காரர்.

ஃபியூஸ் உருகுவது நோயன்று. நோயை அறிவிக்கும் குறி. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது அது தான் அழிந்து வயர்களைக் காக்கிறது. தடித்த செப்புக் கம்பி அவ்வாறு உருகாது. அதற்குப் பதிலாக வயர்கள் சூடேறி, அவற்றின் மேலுறை எரியும். அவ்வயர்கள் செல்வதோ பெட்ரோல் தொட்டியின் அடியில். மெக்கானிக் ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். திரும்பும்போதெல்லாம் சட்டத்தில் உராய்ந்த ஹாரன் வயரின் மேலுறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு தெரிந்தது. அதற்குப் புது உறையிட்டு, உராயாதவாறு விலக்கிக் கட்டினார். அதன் பின்னரே உரிய 15 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினார்.

பொத்தானை அழுத்தியதும் என்ஜின் உயிர்பெற்றது. ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்ததால், மின்னேற்றமும் சரியாக நடப்பது உறுதியாயிற்று.

"ரெண்டு மாசம் முன்னால கழட்டுன பேட்டரி எங்க தம்பி?"

"பழைய இரும்புக் கடையில போட்டுட்டேண்ணே."

மெக்கானிக் வேறொன்றும் கேட்கவில்லை. பேட்டரியை மாற்றும்போது அசைந்த வயர் சில வாரங்கள் தொடர்பைத் தந்திருக்கும். புதிய பேட்டரிதான் பழுதைத் தீர்த்தது என்று பால்காரர் நம்பிவிட்டார். எடைக்குப் போனது நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கலாம் என்பது மகனுக்கு விளங்கியது. நோயின் முதலை ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்க என வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி, கிரீஸ் படிந்த அந்தக் கைகளிலும் இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்குள் எல்லா வீடுகளுக்கும் பால் போய்ச் சேர்ந்தது.