ஐந்து அங்குலம்

செருப்புக் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் நம் காலைத்தான் பார்க்கிறார். தையற்காரரோ தோளில் நாடாவைப் போட்டுக்கொண்டுதான் பேசவே ஆரம்பிக்கிறார். ஆனால் படகுக்கு எஞ்சின் வாங்க நான் போனபோது, "எந்தப் படகுக்கு?" என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. பணத்தை எண்ணினேன், எஞ்சினைக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு வியாபாரம். உறவு எனக்கல்லவா? நானல்லவா கேட்டிருக்க வேண்டும்?

முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காட்டுக் காயலில் மீன் பிடிக்கும் ஒருவரைச் சிறு வயது முதல் எனக்குத் தெரியும். பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழக்கம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாட்களில் எனக்குக் கழி ஊன்றக் கற்றுக் கொடுத்தவர். என் முதல் நாவலில் வரும் படகுக்காரர் அவர்தான். அவருடைய நடையை, பேச்சை, மௌனத்தைக்கூட எடுத்து எழுதிப் பெயர் வாங்கினேன். அதில் அவருக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை என்பது வெகு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் கரையேறியது. அண்ணனுடைய ஃபைபர் படகு அலையாத்தி மரங்களுக்கு நடுவில் செருகிக் கிடந்து கிடைத்தது. எஞ்சின் கிடைக்கவில்லை. சந்தர்ப்பம் வந்தது என்று, எட்டுக் குதிரைசக்தியில் பழைய அவுட்போர்டு எஞ்சின் ஒன்றை வாங்கி வண்டி ஏற்றி அனுப்பினேன். கடன் தீர்ந்தது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

2020 பொங்கல் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. அண்ணன் என்னைக் காயலுக்குள் அழைத்துப் போனார். படகு என்னவோ பாரவண்டி மாதிரி முக்கிக்கொண்டு போயிற்று. பின்னாலிருந்து தண்ணீர் சிதறி என் வேஷ்டியை நனைத்தது. பாதி வழியில் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு அண்ணன் கழியை எடுத்தார்.

"என்ன அண்ணே?"

"இங்கே ஆழம் பத்தாது, தம்பி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

இரவு சாப்பிடும்போது, அவர் கை கழுவப் போன சமயம் பார்த்து அண்ணி சொன்னாள்: "தம்பி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அந்த மிஷினு நம்ம படகுக்கு நீளம். பெட்ரோலா குடிக்குது. அடியில கெடந்த கட்டையில பட்டு ரெண்டு தடவை விசிறி ஒடைஞ்சுபோச்சு. வித்துட்டுச் சரியானதா வாங்கலாம்னா, தம்பி குடுத்ததை எப்படி விக்கிறதுங்குறாரு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கடன் தீர்த்ததாக நினைத்தவன், உண்மையில் ஒரு வருஷமாக அந்த வீட்டில் கடன் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் அளவு நாடாவோடு படகடிக்குப் போனேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரைக்கும் 15 அங்குலம். எஞ்சினில், பலகையில் உட்காரும் கொக்கியிலிருந்து விசிறிக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடுவரைக்கும் 20 அங்குலம். இந்த எஞ்சின்களில் கால் குட்டையானது 15, நீளமானது 20 என்று உலகமெங்கும் வழக்கமாம். அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். அதிகம் மேலே போனால் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு வீணாகச் சுற்றும். கீழே போனால் அவ்வளவு இரும்பையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர் உள்ள காயலில் ஐந்து அங்குலம் என்பது சாமானியமா?

நான் குனிந்து அளப்பதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் வந்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. சற்று நேரம் நின்றார். பிறகு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் ஒருவர், காலை மாற்றிக் குட்டையாக்கலாம் என்றார். உள்தண்டு, கியர்க் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாமே மாற வேண்டும். அவர் சொன்ன கூலியில் இன்னொரு பழைய எஞ்சின் வாங்கிவிடலாம். கடைசியில் படகு கட்டும் ஆசாரிதான் வழி சொன்னார்: "எஞ்சினை வெட்டுவானேன்? பலகையை ஒசத்துவோம்."

அதே கனத்தில் ஐந்து அங்குல உயரத்துக்குத் தேக்குக்கட்டை ஒன்றை இழைத்துப் பின்பலகை மேல் உட்கார வைத்தார். பசை போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். விசிறி கீழே முன்னால் தள்ளும்போது, எஞ்சினின் தலை பின்னால் சாயப் பார்க்கும்; புதுக் கட்டையைப் பல் பிடுங்குவதுபோல் நெம்பும். கல்லூரியில் இரண்டு வருஷம் நெம்புகோலைப் படித்த எனக்கு இது அங்கே வந்துதான் விளங்கியது. பழைய பலகை, புதுக் கட்டை இரண்டையும் சேர்த்து, உள்ளும் புறமும் நெடுக்காகச் சட்டங்கள் வைத்து, ஊடுருவிப் போகும் போல்ட்டுகளால் இறுக்கினார். துளைகளில் தண்ணீர் புகாமல் பிசின் ஊற்றி, எல்லாவற்றின்மேலும் ஃபைபர்ப் பாய் போர்த்தினார். காய இரண்டு நாள். எஞ்சினை மாட்டித் திருகை முறுக்கிய பிறகு, போதாக்குறைக்கு ஒரு சங்கிலியும் கட்டினார் அண்ணன்.

தகடு அடிமட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நின்றது. காயலுக்குள் போனோம். என் வேஷ்டி நனையவில்லை. அன்று கழி ஊன்றிய இடத்தை எஞ்சின் ஓட்டத்திலேயே தாண்டினோம். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால், துரத்தி வரும் அலையும் உள்ளே ஏறவில்லை.

"ஏன் அண்ணே ஒரு வருஷமாகச் சொல்லவில்லை?" என்று அப்போதுதான் கேட்டேன்.

அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க கதையில என்னைய எழுதினப்பவும் கேக்கலையே, தம்பி. குடுக்கறப்ப மட்டும் கேப்பீங்கன்னு எப்படித் தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் காதில் விழாததுபோல் நான் அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.