தெரிந்தே திறந்த வால்வு

கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த தையல்கார அம்மாவின் தோளில் சீலிங் காரை பெயர்ந்து விழுந்தது. அதற்குக் காரணம் நான். மழை அல்ல. கட்டடத்தின் வயது அல்ல. பிளம்பர் அல்ல. இந்த மூன்றின் மீதும் நான் ஒவ்வொன்றாகப் பழி போட்டிருக்கிறேன். அதனால் அவற்றை முதலிலேயே விடுவித்துவிடுகிறேன்.

திருவான்மியூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் எனக்குச் சொந்த வீடு. குடியிருப்போர் சங்கச் செயலாளரும் நானே. 2018 கடைசியில் குளியலறையைப் புதுப்பித்தேன். பழைய ஜி.ஐ. குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்துக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு சிபிவிசி போடச் சொன்னேன். பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. அதற்குள் டைல்ஸ் ஒட்டி முடிய வேண்டும் என்று கெடு வைத்தேன்.

குழாய் பொருத்தி முடித்த அன்று பிளம்பர் சொன்னார்: "சார், இன்னிக்கு ஒரு நாள் விட்ருங்க. சொலூஷன் நல்லாப் பிடிக்கட்டும். நாளைக்கு பிரஷர் டெஸ்ட் போட்டுப் பாத்துட்டு மேஸ்திரிய விடலாம்."

அவர் கேட்டது நியாயம். அந்தச் சொலூஷன் வெறும் பசை அல்ல. குழாயின் மேற்பரப்பையும் எல்போவின் உட்புறத்தையும் இளக்கி, இரண்டையும் ஒன்றாக்குவது. அது இறுகும்வரை இணைப்பை ஆட்டக் கூடாது. பிறகு எல்லா வாய்களையும் டம்மி போட்டு அடைத்து, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால்தான் சுவரை மூடலாம். இதை அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். எனக்குப் புரியவும் செய்தது.

"அதெல்லாம் வேண்டாம். மத்தியானமே பூச்சு வேலை ஆரம்பிக்கட்டும்" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். "காசு குடுக்கறது நீயா, நானா?" என்று கேட்டேன். அவருக்குக் கிட்டத்தட்ட என் வயது. நான் 'நீ' என்றுதான் பேசினேன். அவர் பதில் பேசவில்லை. ஈரம் காயாத இணைப்புகளைச் சுற்றி அன்று மதியமே மேஸ்திரியின் சுத்தியல் விழுந்தது.

இது திமிர். அவசரம் என்று சொல்லிக் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இதோடு நின்றிருந்தால் ஒரு எல்போவை மாற்றுவதோடு முடிந்திருக்கும். அடுத்து செய்ததுதான் பெரிய குற்றம்.

2019 கோடையில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். "சார், மிஷின் போட்ருக்கற ரூம்ல சீலிங் ஈரமா இருக்கு. ஒரு தரம் வந்து பாருங்களேன்" என்றார். நான் போகவில்லை. அது சென்னை வறண்டு கிடந்த வருடம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஏரிகள் எல்லாம் காய்ந்திருந்தன. எங்கள் கட்டடம் லாரித் தண்ணீரில் ஓடியது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் மொட்டைமாடித் தொட்டியைத் திறப்போம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அந்தச் செய்தியையே அவரிடம் வாதமாக வைத்தேன். "ஊருக்கே ரயில்ல தண்ணி வருது. எங்க வீட்டுலேர்ந்து எப்படிம்மா கசியும்?" அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்டோபரில் பருவமழை வந்தது. தண்ணீர்க் கட்டுப்பாடு நீங்கியது. குழாயில் நாள் முழுக்க அழுத்தம் நின்றது. கறை பெரிதானது. அவர் மறுபடி வந்தார். இப்போது, "மழைக்காலம்மா, எல்லா வீட்லயும் ஓதம் இருக்கும்" என்றேன். தண்ணீர் இல்லாததால் கசியாது என்று கோடையில் சொன்ன அதே வாய், தண்ணீர் மிகுந்ததால் ஓதம் என்று சொன்னது.

சங்கக் கூட்டத்தில் அவர் இதைக் கிளப்பினார். கறை என் குளியலறைக்கு நேர் கீழே இல்லை என்று காட்டி வாயடைத்தேன். குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். கசியும் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் தேங்கி, பக்கவாட்டில் ஊர்ந்து, விரிசல் கிடைத்த இடத்தில்தான் இறங்கும். கறை தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. கட்டடம் பராமரிக்கிற எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். 'மழை ஓதம்' என்று தீர்மானப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். வாடகைக்காரர் என்பதால் அவருக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

நவம்பரில் எனக்கே சந்தேகம் அரித்தது. கீசருக்குப் போகும் வால்வை யாரிடமும் சொல்லாமல் மூடினேன். சில நாட்கள் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்தோம். பிறகு, செயலாளர் என்ற முறையில் பார்வையிட வந்ததாகச் சொல்லிக் கீழே போனேன். சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அந்த அம்மா மகிழ்ச்சியோடு சொன்னார்: "நீங்க வந்து பாத்ததே போதும் சார். இப்பத் தேவலை."

"பாத்தீங்களா, மழை விட்டதும் காஞ்சிடுச்சு" என்றேன்.

மேலே வந்தேன். வால்வின் முன் நின்றேன். கசிவது என் குழாய்தான் என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டால் புது டைல்ஸை உடைக்க வேண்டும். கூட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். பிளம்பர் சொன்னது சரி என்று ஆகும். எதற்கும் மனம் வரவில்லை. அடுப்பில் வெந்நீர் வைப்பதும் தொந்தரவாக இருந்தது. வால்வைத் திறந்தேன்.

என் குற்றம் முழுவதும் அந்த ஒரு திருகில் இருக்கிறது.

வினாடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்கு 0.05 மில்லிலிட்டர் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகும். எங்கள் பகுதி போர்த்தண்ணீரில் உப்பு அதிகம். உப்புநீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். பூச்சு பொறுக்காமல் விடும்.

டிசம்பரில் ஒரு பகல் வேளை. அவர் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். காரை பாளமாக விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பொங்கலுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். வருடத்தில் அவர் நாலு காசு பார்க்கும் காலம் அது. சேறும் காரையும் பட்டுக் கெட்ட பட்டுத்துணிகளுக்கு அவரே பணம் கொடுத்தார். அதே அறையில் படுத்திருந்த அவருடைய தாயாருக்குப் பூஞ்சை நெடியில் இளைப்பு கூடியிருந்தது. இதையெல்லாம் எனக்கு வேறு யாரோ சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

வேறொரு பிளம்பரை வைத்து என் சுவரை உடைத்தேன். வெந்நீர் லைனின் எல்போவில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. "டெஸ்ட் போடலையா சார்?" என்று அவர் கேட்டார். "முன்னாடி வந்தவன் போடல" என்றேன். அந்தச் சொல் கட்டடம் முழுக்கப் பரவியது. அதன்பின் எந்த வீட்டாரும் பழைய பிளம்பரைக் கூப்பிடவில்லை. டெஸ்ட் போடச் சொல்லிக் கெஞ்சியவர் பிழைப்பை இழந்தார்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. சீலிங்கைச் சரிசெய்யும் செலவை நான் ஏற்றேன். அதை 'உதவி' என்று சொன்னேன். கூட்டத்தில் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்த அம்மாவும் கும்பிட்டார். பட்ட கடனைத் தர்மம் என்று பெயர் மாற்றிக் கொடுத்து, கும்பிடும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் அவர் வீடு மாறிப் போய்விட்டார்.

வெகு காலம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். சங்கத்தில் சொல்லிப் பொறுப்பை விட்டேன். தீர்மானப் புத்தகத்தில் பழைய வரிக்குக் கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். பிளம்பர் வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவர் இழந்த கூலியைக் கணக்குப் போட்டு, இந்த முறை கடன் என்று சொல்லிக் கொடுத்தேன். போன நாட்களை அதனால் திருப்ப முடியவில்லை.

இதைப் படிப்பவர்களில் மேல்வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள். சுவரை மூடும் முன் டெஸ்ட் போடச் சொல்லும் தொழிலாளிக்கு அந்த ஒரு நாளைக் கொடுங்கள். கீழ்வீட்டார் வந்து ஈரம் என்றால் வாதாடாதீர்கள். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக் கறை காய்கிறதா என்று பாருங்கள். காய்ந்தால் அன்றே கீழே போய் "எங்கள் குழாய்தான்" என்று சொல்லிவிடுங்கள். உடைக்க வேண்டியது சில டைல்ஸ் மட்டுமே.