ஆடியில் பிறந்தவர்

சரவணம்பட்டியில் வேலை பார்த்தபோது, முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை இன்னொரு சர்வருக்கு அனுப்பும் புரோகிராமை எழுதினேன். பைத்தானில் ஒவ்வொரு ஆளும் ஒரு ஆப்ஜெக்ட். வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அதை ஜேசன் என்ற வெறும் எழுத்தாக மாற்ற வேண்டும். ஜேசனுக்குத் தெரிந்தது ஆறே வகை: ஸ்ட்ரிங், எண், ட்ரூ-ஃபால்ஸ், வெறுமையைக் குறிக்கும் நல், பட்டியல், பெயரும் மதிப்புமாக அடுக்கிய ஆப்ஜெக்ட். தேதி அதில் கிடையாது. கொடுத்தால் பைத்தான் டைப்எரர் காட்டி நின்றுவிடும்.

வழி இருக்கிறது. ஜேசன்என்கோடர் கிளாஸிலிருந்து நம் கிளாஸை உருவாக்கி, டிஃபால்ட் என்ற மெத்தடை நாமே எழுதலாம். என்கோடர் தனக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் அதைக் கூப்பிட்டு, ‘இதை என்னன்னு எழுதட்டும்?’ என்று கேட்கும். நாம் என்ன சொன்னாலும் நம்பிவிடும்.

பலருக்குப் பிறந்த வருடம் மட்டுமே பதிவில் இருந்தது. வாங்கும் பக்கமோ முழுத் தேதி கேட்டது. டிஃபால்ட்டில் ஒரே ஒரு வரி: வருடத்தோடு சனவரி 1ஐ ஒட்டினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ்.

அடுத்த வாரம் கோபிக்குப் போயிருந்தேன். அம்மிச்சியின் ஆதாரில் 01/01/1950 என்று இருந்தது.

“அம்மிச்சி, நீங்க புத்தாண்டு அன்னிக்கா பொறந்தீங்க?”

“ஆரு சொன்னா? நான் ஆடியில பொறந்தவ கண்ணு. பவானிசாகர் அணை கட்டிட்டு இருந்தாங்களாம். காத்துல சாளைக் கூரையே பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு எங்கம்மா சொல்லும்.”

“எந்த வருசமுங்க?”

“அதை ஆரு கண்டா?”

அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. அம்மிச்சிக்கு மாதம் உறுதி, வருடம்தான் தெரியாது. நானோ வருடம் எல்லோருக்கும் தெரியும், மாதம்தான் விட்டுப்போகும் என்று நினைத்து எழுதியிருந்தேன். அவர் உறுதியாக அறிந்ததற்கு என் கிளாஸில் இடமே இல்லை. அறியாததை நான்கு இலக்கமாக அழுத்தி எழுதியிருப்பேன்.

திரும்பி வந்து மாற்றினேன். வருடம், மாதம், நாள் தனித்தனி, தெரியாதது நல், கூடவே ‘தோராயம்’ என்று ஒரு ட்ரூ-ஃபால்ஸ். வாங்கும் பக்கத்தோடு இதற்காக நாலைந்து மீட்டிங் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே போன பதிவுகளில் நிஜமாகவே சனவரி 1இல் பிறந்தவர் யார், நான் பிறக்க வைத்தவர் யார் என்று அவர்களால் பிரிக்க முடியாது. நல்லவேளை, எங்களிடம் மூலப் பதிவு இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினோம்.

அம்மிச்சிக்கு மூலப் பதிவு எங்கும் கிடையாது. அவர் சொன்னதுதான் இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்: ஆடி மாதம், நல்ல காற்று.