டயகமவில் ஒரு மாலை



நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். டயகமவுக்குப் போனவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலை, ஹோல்புரூக், அக்கரபத்தனை என்று வளைந்து வளைந்து போனால் டயகம வரும். பக்கத்தில் ஆக்ரா ஓயா ஓடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டு மலைகள். நடுவில் எங்கு திரும்பினாலும் தேயிலை.

வெளிச்சம் விளையாடும் ஊர் இது. காலை வெயிலில் இளம்பச்சையாகப் பளிச்சிடும் மலை, மூடுபனி இறங்கியதும் சாம்பல் பூத்துவிடும். பொழுது சாயும்போது அதே மலை கருநீலமாகத் தெரியும். செடி என்னவோ அதே செடிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் என் நண்பர் குடும்பத்தோடு இருக்கிறார். அவருடைய தங்கை கொழுந்து பறிப்பவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போனால், கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். நான் போயிருந்த அன்று அவர் தேநீர் தந்துவிட்டு, பழைய துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு மணிமாலையை என் முன்னால் அவிழ்த்து வைத்தார்.

"நானா, நீங்க பேருவளைப் பக்கம் எல்லாம் போய் வாறவங்கதானே? இது நல்ல கல்லுதானே?"

திருவிழாக் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் விற்றாராம். "நிறம் மாறும் மாணிக்கக்கல், போகவந்தலாவையில் எடுத்தது" என்றாராம். சீட்டுப் பணம் முழுவதையும் கொடுத்து வாங்கியிருக்கிறார். மகள் உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டும். மாலையை நல்ல விலைக்கு விற்றால் விடுதிச் செலவுக்கு ஆகும் என்பது அந்தத் தாயின் கணக்கு.

அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை. போகவந்தலாவைப் பக்கம் கெசல்கமு ஓயாவின் கரையில் மாணிக்கக்கல் கிடைப்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். நிறம் மாறும் கல்லும் உண்மையிலேயே உண்டு. அதன் பெயர் அலெக்ஸாண்ட்ரைட். 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில் கண்டெடுக்கப்பட்டு, பின்னாளில் இரண்டாம் அலெக்ஸாண்டர் மன்னரான இளவரசரின் பெயரைப் பெற்றது. நம் இலங்கை மண்ணிலும் கிடைக்கிறது. நல்ல பொய் எப்போதும் பாதி உண்மையோடுதான் வருகிறது!

மாலையை வாசலுக்கு எடுத்துப் போனேன். மிச்சமிருந்த பகல் வெளிச்சத்தில் மணிகள் இளம் ஊதாவாக இருந்தன. உள்ளே டியூப் லைட்டின் கீழ் பிடித்தேன். வெளிர் நீலம்! "பாத்தீங்களா நானா!" என்று அவர் முகம் மலர்ந்தது. குப்பி விளக்கை ஏற்றச் சொன்னேன். அந்தச் சுடரில் மணிகள் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாயின.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அலெக்ஸாண்ட்ரைட் பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும், விளக்குச் சுடரில் சிவப்பாகவும் தெரிய வேண்டும். இந்த மணிகளில் பச்சையே இல்லை. அதோடு, அத்தனை மணிகளும் ஒரே அளவு, ஒரே வடிவம். கிடைப்பதற்கு அரிய கல்லை யார் இப்படித் துளையிட்டுக் கோத்து, சந்தையில் கூவி விற்பார்கள்?

இது கண்ணாடி. உருக்கும்போது அதில் நியோடிமியம் என்ற உலோகத்தின் ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். 1885இல் வியன்னாவின் கார்ல் அவுவர் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்த உலோகம் அது. வெளிச்சத்தில் உள்ள மஞ்சள் நிறத்தின் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும்; சிவப்புப் பக்கத்தையும் நீலப் பக்கத்தையும் விட்டுவிடும். விளக்குச் சுடரில் சிவப்பு அதிகம், ஆகவே மணி சிவப்பின் பக்கம் சாய்கிறது. டியூப் லைட்டோ எல்லா நிறங்களையும் சமமாகத் தருவதில்லை. மஞ்சள் போனபின் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் நீலமும் பச்சையும்தான். 1920களின் பிற்பகுதியில் பொஹீமியாவின் மோசர் தொழிற்சாலை இந்தக் கண்ணாடியில் அழகிய பாத்திரங்கள் செய்து, அந்தக் கல்லின் பெயரையே வைத்து விற்றது. ஆனால் கண்ணாடி என்று சொல்லியே விற்றது.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "தங்கச்சி, மணி அழகான மணிதான். ஆனா கண்ணாடி மணி. வித்தவர் உங்களை ஏமாத்திட்டார்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்ட கேள்வியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"அப்ப, இத நான் கல்லுன்னு சொல்லி இன்னொருத்தருக்கு வித்திருந்தா, நானும் ஏமாத்தினவளாத்தானே ஆகியிருப்பேன் நானா?"

பணம் போன வேதனையிலும் அவருக்கு முதலில் வந்த பயம் அது. அந்தப் பொய் அந்தக் காம்பராவோடு நின்றது. மாலையை மகளின் கழுத்தில் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை வாசலுக்கும் விளக்குக்குமாக நடந்து, நிறம் மாறுவதைப் பார்த்துச் சிரித்தது. விடுதிச் செலவுக்கு என்ன செய்வது என்று அண்ணனும் தங்கையும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை தேயிலை ஸ்டோருக்குப் போனேன். டீமேக்கர், ஊற்றி வைத்த கோப்பைகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்துச் சாயம் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால் சாயம் சரியாகத் தெரியாது" என்றார்.

வாசகர்களே, சேலை வாங்கினாலும் கல் வாங்கினாலும் கடை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால் பகல் வெளிச்சமும் போதாது. நிறம் மாறும் செயற்கைக் கற்களும் சந்தையில் உண்டு. கண்ணால் பார்த்தும் கீறிப் பார்த்தும் அவற்றைத் தீர்மானிக்க முடியாது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் சோதித்து அறிக்கை பெறுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பெறுங்கள்.

டயகமவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மூடுபனி விலகும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.