வேலணை வீட்டுக்கு ஒரு பெயர்

"ராத்திரி ஏன் தம்பி நித்திரை கொள்ளாமல் என்னையே பாத்துக்கொண்டிருந்தனீ?"

அம்மா போனில் இப்படிக் கேட்டது 2016 செப்டெம்பரில். ரொறன்ரோவில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான வேலணையில் இரவு ஒரு மணி என்றால் இங்கே முதல்நாள் பிற்பகல் மூன்றரை. அந்நேரம் நான் தொழிற்சாலையில் நின்றேன், போனைத் தொடவேயில்லை.

"கமரா திரும்பித் திரும்பிப் பாத்தது. நீ எண்டுதான் நினைச்சன். கையும் காட்டினனான்."

அந்தக் கமராவைப் பூட்டியது நான்தான். ஐயா காலமான பிறகு அம்மா தனியே இருந்தார். கொட்டிலில் இரண்டு மாடுகள். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் மாட்டுக் களவு எவ்வளவு பெரிய தொல்லை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் ஆடியில் ஊருக்குப் போனபோது விறாந்தைத் தூணில் தலை திருப்பும் கமரா ஒன்றை வைத்தேன். முற்றம், படலை, கொட்டில் எல்லாம் தெரியும். உட்பக்கம் திருப்பினால் அம்மா படுக்கும் கட்டிலும் தெரியும். இது வேண்டுமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கறண்ட் போய் வந்தது. அதன்பின் வெளியிலிருந்து படம் வரவில்லை. வீட்டு இணைய இணைப்புக்கு விலாசமாகக் கிடைக்கும் ஐபி எண் நிரந்தரமானதல்ல. றவுட்டர் அணைந்து எழும்பினால் வேறு எண் வரக்கூடும். பழைய எண்ணைத் தட்டினால் யாரும் திறக்கமாட்டார்கள்.

இப்படி விலாசம் மாறிக்கொண்டே போவது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானது. 1990இல் போரால் தீவகத்தை விட்டு வெளியேறிய அம்மா, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தார். 1995 ஒக்டோபர் 30இல் சனமெல்லாம் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் நடந்தார். கனடாவிலிருந்து நான் எழுதிய கடிதங்கள் கொழும்பில் சின்னம்மாவின் விலாசத்துக்கே போயின. எங்கே ஒதுங்கினாலும் அம்மா அவருக்குத் தகவல் சொல்லியனுப்பிவிடுவார். அம்மா எங்கே என்று அறிய எனக்குச் சின்னம்மா ஒருவர் போதும்.

டைனமிக் டிஎன்எஸ் செய்வது சின்னம்மாவின் வேலையைத்தான். எண் மாறியதும் றவுட்டர் அந்தச் சேவைக்கு அறிவித்துவிடும். நான் எண்ணைத் தேடாமல் பெயரைக் கேட்டால் போதும். இலவசச் சேவை ஒன்றில் எங்கள் வளவின் பெயரையே பதிந்தேன். றவுட்டரில் 80, 554 ஆகிய இரண்டு போர்ட்டுகளையும், அதாவது வெளியிலிருந்து வரும் வாசல்களை, கமராவுக்கு ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தேன். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்றபடி போனைத் திறந்தேன். அம்மா முற்றம் கூட்டுவது தெரிந்தது. நாகபூஷணி அம்மன் சந்நிதியில் அன்று நான் சொன்ன நன்றியில் அந்தப் படத்துக்கும் பங்கிருந்தது.

கமரா வந்த பெட்டியில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை. மறுநாள் விமானம். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அந்தப் பெயர் என் ஒருவனுக்குத்தானே தெரியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. வருபவனுக்குப் பெயரே தேவையில்லை. ஐபிவி4 வகை எண்கள் மொத்தம் சுமார் 429 கோடி. அத்தனையையும் ஒரே கணினியால் ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இலேயே காட்டியிருந்தார்கள். படலை திறந்து கிடக்கும் வீடு அப்படித்தான் அகப்படுகிறது.

அம்மா போனில் கேட்ட பிறகு கமராவின் பதிவேட்டைத் திறந்தேன். அதில் என் வீட்டு எண் இருந்தது. மற்ற எண்கள் எதுவும் எனக்குத் தெரிந்தவையல்ல. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, அது நான் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப எத்தினை நாள் அது நீயில்லை?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த மாதம் 21ஆம் திகதி ருவிற்றரும் நெற்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் திணறின. மாற்றப்படாத கடவுச்சொல்லோடு கிடந்த கமராக்களையும் றவுட்டர்களையும் மிராய் என்ற நிரல் கைப்பற்றி, அந்தத் தளங்களின் பெயர்களுக்கு எண் சொல்லும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் மீது ஏவியிருந்தது. டைனமிக் டிஎன்எஸ் சேவையால் பெயரெடுத்து வளர்ந்த நிறுவனம் அது. எங்கள் விறாந்தைக் கமராவும் அப்படி மாற்றாத கடவுச்சொல்லோடுதான் கிடந்தது என்ற நினைப்பு இன்றும் என்னைச் சுடுகிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கமராவுக்கு நேரே போகும் வழி ஒன்றையும் திறக்கவில்லை. றவுட்டரில் விபிஎன் என்ற பூட்டிய வழி ஒன்றைப் போட்டேன். வளவின் பெயர் இப்போது அந்த ஒரு கதவுக்கே கொண்டுபோகும், அதற்கும் சாவி வேண்டும். பின்னர் 4ஜி இணைப்புக்கு மாறியதும் அதுவும் பயனற்றுப்போனது. அங்கே பல வீடுகளுக்கு வெளியில் ஒரே எண். எங்கள் றவுட்டருக்குக் கிடைத்தது 100.64 என்று தொடங்கும் உள் எண். அதற்குப் பெயர் வைத்தாலும் வெளியிலிருந்து வந்து சேர வழியில்லை. வீட்டிலிருந்துதான் வெளியே கூப்பிட வேண்டும். ஒரு சிறு கணினியை வைத்து அப்படியே செய்திருக்கிறேன்.

தலை திருப்பும் கமராவை அம்மா கழற்றச் சொன்னார். இப்போது இருப்பது படலையை மட்டும் பார்க்கும். கோயிலுக்குப் போகும் நாட்களில் அவர் படலையடியில் நின்று எனக்குப் போன் எடுப்பார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் கையைக் காட்டுவார்.