புதுப்பேட்டை: பெயின்ட்டுக்கு அடியில் ஒரு விரிசல்!

புதுப்பேட்டை என்றதும் பலருக்கு 2006-ல் வந்த செல்வராகவன் படம்தான் ஞாபகம் வரும். பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆதித்தனார் சாலையில் திரும்பியதுமே கிரீஸ் வாசனை வரவேற்கும். கூவத்தின் வாசனையும்தான்! கடை வாசலில் டேங்க், மட்கார்டு, சைலன்சர் எல்லாம் வாழைத்தார் போலத் தொங்கும்.

ஒரு சந்தின் முனையில், 1992-ல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ் 100 மெயின் ஸ்டாண்டில் நிற்கிறது. அப்பாவும் மகனும் வந்திருக்கிறார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் முழுக்கத் துரு. கழற்றி, பவுடர் கோட்டிங் கொடுத்து, புதுசாக மாட்ட வேண்டும் என்பது மகனின் ஆசை.

மெக்கானிக் பாய்க்கு அறுபது வயதிருக்கும். செயின் லாக்கை நெம்பி எடுக்கிறார். "மாட்டும்போது இதோட திறந்த வாய், செயின் ஓடுற திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும் தம்பி. மாத்திப் போட்டா லாக் கழண்டுடும்." அடுத்து பிரேக் ராடு, சக்கரம், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகள். அதுவரை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகுதான் வினையே! ஆர்மை சேஸிஸோடு பிணைக்கும் நீளமான ஷாஃப்ட் நகர மறுக்கிறது. பல வருஷம் கிரீஸ் பார்க்காததால் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீசலை ஊற்றி, "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார் பாய். மறுநாள், நட்டை முனையில் பாதி திருகி விட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டுகிறார். நட்டு இல்லாமல் சுத்தியல் விழுந்தால் மரை நசுங்கிவிடுமாம். ஏழெட்டு தட்டில் ஷாஃப்ட் வெளியே வருகிறது.

புஷ்ஷையும் எடுத்துவிடுகிறார். பவுடர் கோட்டிங் அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடு ஏறும். ரப்பரோ பிளாஸ்டிக்கோ உள்ளே இருந்தால் கெட்டுவிடும். புஷ் உட்காரும் துளையையும் மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். உள்ளே பவுடர் படிந்தால் புஷ் இறங்காது.

கம்பி பிரஷ்ஷால் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது பாயின் கை நிற்கிறது. ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்தில், வெல்டிங்கை ஒட்டி முடி கனத்தில் ஒரு விரிசல்.

"ஒரு வெல்டிங் வெச்சுடுங்க பாய். வண்டியோட வந்த ஒரிஜினல்..." அப்பா இழுக்கிறார்.

"துருப்பிடிச்சு மெலிஞ்ச இரும்பு சார். வெல்டிங் வெச்சா பக்கத்துலயே விரியும். மேல பெயின்ட் அடிச்சுட்டா யாருக்கும் தெரியாது. ஆனா, வீட்டம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சுத்தானே ஓட்டப்போறீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. மகன் பக்கத்துக் கடைக் குவியலில் தேடி, அதே மாடல் ஆர்ம் இரண்டை எடுத்து வருகிறான். பாய் இரண்டிலும் முன்னால் ஷாஃப்ட்டையும் பின்னால் ஆக்ஸிலையும் செருகிப் பார்க்கிறார். கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால் ஆர்ம் நேராக இருக்கிறது. ஒன்று கோணல், எங்கேயோ விழுந்த வண்டியுடையது. இன்னொன்று தேறியது. அதையும் சுரண்டி, வெல்டிங் இடங்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே கோட்டிங்குக்கு அனுப்பினார்.

கறுப்பா, சில்வரா என்று மகன் கேட்டதற்கு, "முன்னாடி இருந்த கறுப்பே இருக்கட்டும்" என்றார் அப்பா. பழைய ஆர்மை எடைக்குப் போட அவருக்கு மனமில்லை. செய்தித்தாளில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பூர் நோக்கி நடந்தார்.